ஸ்பானிஷ் ‘மைனர்’ படிப்பு: மாணவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள், கணக்கில் இல்லை! அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் 4 கோடிக்கும் அதிகமானோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து அந்த நாட்டில் அதிகம் புழங்கும் மொழி இதுதான். ஆனாலும் அங்குள்ள கல்லூரிகளில் மொழி வகுப்புகளில் சேர்பவர்கள் எண்ணிக்கை 2016-க்கும் 2021-க்கும் இடையே 16.6% சரிந்தது. ஸ்பானிஷும் இதற்குத் தப்பவில்லை. அதே காலத்தில் கொரிய மொழி 38% எகிறியது. காரணம் கே-பாப், கே-டிராமா என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சரிந்தும்கூட, பிறமொழி படிக்கும் மாணவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஸ்பானிஷில்தான் இருக்கிறார்கள். ஆனால் இவர்களில் பலருக்கு அது முதன்மைப் பாடம் கிடையாது. நர்சிங், சட்டம், பிசினஸ் என்று வேறு ஏதாவது படித்துக்கொண்டே, கூடவே ஸ்பானிஷை ‘மைனர்’ ஆக எடுக்கிறார்கள். சிக்கலே இங்குதான் ஆரம்பிக்கிறது.

மைனர் என்றால் என்ன?

நம்ம ஊர் துணைப்பாடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டாயம் இல்லை, மாணவரே விரும்பி எடுப்பது. நான்கு வருடப் பட்டத்துக்கு பொதுவாக 120 கிரெடிட் தேவை. அதில் 15 முதல் 24 கிரெடிட் வரை, அதாவது 5 முதல் 8 பேப்பர் ஒரே பாடத்தில் முடித்தால் அது மைனர். பல இடங்களில் ஆரம்பநிலை வகுப்புகள் இந்தக் கணக்கில் சேராது. பள்ளியிலேயே ஸ்பானிஷ் படித்தவர் தகுதித் தேர்வு எழுதி நேரடியாக அடுத்த நிலைக்குப் போய்விடுவார். புதிதாகத் தொடங்குபவருக்கோ கூடுதலாக ஒரு வருடம் ஓடிவிடும்.

மைனர் முடித்தால் சரளமாகப் பேச முடியுமா?

ஒரு சின்ன கணக்கு. 3 கிரெடிட் பேப்பர் என்றால் வாரம் 3 மணி நேரம், 15 வாரம், மொத்தம் 45 மணி நேரம். 6 பேப்பருக்கு 270 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தர ஒதுக்குவது சுமார் 600 முதல் 750 மணி நேரம். ஆக, பூஜ்ஜியத்தில் தொடங்கி மைனர் மட்டும் படித்தால் பாதிக் கிணறுகூடத் தாண்ட முடியாது. ஒரு செமஸ்டராவது ஸ்பெயினுக்கோ மெக்சிகோவுக்கோ போய்த் தங்கிப் படிக்கச் சொல்வது இதனால்தான். (அதே வெளியுறவுத் துறை பட்டியலில் தமிழுக்கு 1,100 மணி நேரம்! ஆங்கிலம் பேசுபவர்களுக்கு நாம் ‘கடினமான’ ரகம்.)

தமிழ் தெரிந்தவருக்கு ஸ்பானிஷில் சில இடங்கள் ரொம்ப எளிது. ‘பேசுகிறேன்’ என்றாலே ‘நான்’ அதில் இருக்கிறது அல்லவா? ஸ்பானிஷிலும் ‘ஆப்லோ’ என்றால் போதும். நாம் படித்த தோன்றா எழுவாய்தான். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதை அவர்களும் ‘எனக்கு’ என்றே தொடங்குகிறார்கள்: ‘மே குஸ்தா’. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் முழி பிதுங்கும் இடம் இது. பதிலுக்கு, மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று மனப்பாடம் செய்யும்போது நமக்குத் தலை சுற்றும்.

கணக்கில் வராத மாணவர்கள்

2023 செப்டம்பரில் மேற்கு விர்ஜினியா பல்கலைக்கழகம் பணப் பற்றாக்குறையைக் காட்டி 28 முதன்மைப் படிப்புகளையும் 143 ஆசிரியர் பணியிடங்களையும் நீக்க முடிவெடுத்தது. பிறமொழிப் பட்டங்கள் அத்தனையும் போயின. இண்டியானா மாநிலம் 2025-இல் சட்டமே போட்டது. ஒரு இளங்கலைப் படிப்பில் மூன்று வருட சராசரியாக 15 பேராவது பட்டம் பெற வேண்டும், இல்லையென்றால் அதைத் தொடரத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

கவனியுங்கள், எண்ணப்படுவது பட்டங்கள் மட்டுமே. மைனர் ஒரு பட்டம் அல்ல. ஒரு துறையில் 200 பேர் மைனர் படித்து, 10 பேர் மட்டும் முதன்மைப் பாடமாகப் படித்தால், அரசுக் கணக்கில் அது 10 பேர் படிக்கும் துறை. முதன்மைப் பட்டம் போனால் உயர்நிலை வகுப்பு எடுக்கும் பேராசிரியர்களும் போவார்கள். பிறகு மைனருக்கு யார் பாடம் எடுப்பது? இந்த அளவுகோல் தவறானது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவே 2025 மார்ச் 1-இல் ஆங்கிலமே அமெரிக்காவின் ஆட்சிமொழி என்று அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டார். அதற்காக மருத்துவமனைக்கு வரும் ஸ்பானிஷ் நோயாளிகள் குறைந்துவிடப் போவதில்லை. மொழிபெயர்க்கும் செயலிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வழி கேட்க அது போதும். வலி எங்கே, எப்போதிருந்து என்று பயந்துபோன ஒரு பாட்டியிடம் விசாரிக்கும் நர்ஸுக்கு அது போதாது. அதேசமயம், மைனர் சான்றிதழைக் காட்டி மருத்துவ மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. அதற்குத் தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு.

இங்கிருந்து போகும் மாணவர்களுக்கு

மாணவர் விசாவில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பார்க்க உதவும் ‘ஓபிடி’ அனுமதி, முதன்மைப் பாடம் சார்ந்த வேலைக்குத்தான். ஸ்பானிஷ் மைனரை வைத்து அந்த அனுமதியில் வேலை தேட முடியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கூடவே ஸ்பானிஷும் தெரியும் என்பது ரெஸ்யூமில் நிற்கும், விசாவில் நிற்காது.

சேரும் முன்பே துறையில் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். மைனருக்கு எந்த நிலை வகுப்பிலிருந்து கிரெடிட் எண்ணுவார்கள்? உயர்நிலை பேப்பர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் நடக்கிறதா, அல்லது வருடத்துக்கு ஒருமுறைதானா? கையேட்டில் பேப்பர் பெயர் இருக்கும், அதை நடத்த ஆள் இருக்க மாட்டார். அப்படி ஒரு பேப்பருக்காகக் காத்திருந்தால் கூடுதல் செமஸ்டர் ஃபீஸ் டாலரில் போகும்.