சுவை ஆளைப் பார்ப்பதில்லை

முன்னுரை

சிரிக்க வைக்கும் திரைப்படங்கள் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியவை என்று பலர் கருதுவர். சமையலைப் பற்றிய படமெனில் இன்னும் எளிதாக ஒதுக்கிவிடுவர். ஆயினும், பிராட் பேர்ட் இயக்கத்தில் 2007-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரட்டட்டூயி’ என்னும் அசைவூட்டப் படம், உணவைக் கொண்டு மனிதரை உயர்வு தாழ்வாக மதிப்பது முறையா என்னும் வினாவைச் சிரிப்பினூடே எழுப்புகிறது.

படம் கூறும் கதை

ரெமி என்னும் எலிக்கு மோப்பத் திறனும் சுவையுணர்வும் மிகுதி. பாரிஸ் நகர உணவகம் ஒன்றில், சமைக்கத் தெரியாத லிங்குவினி என்னும் இளைஞனின் தொப்பிக்குள் அது மறைந்துகொள்கிறது. அவன் தலைமுடியைப் பிடித்திழுத்து, அவன் கைகளை இயக்கிச் சமைக்கிறது. கடுமையான உணவுத் திறனாய்வாளரான ஆன்டன் ஈகோ ஒருநாள் அங்கு வருகிறார். அவர்முன் வைக்கப்படுவது ஆடம்பர விருந்தன்று. ரட்டட்டூயி என்னும் எளிய காய்கறிக் கூட்டு. ஒரு வாய் உண்டதும், இளமையில் தாய் பரிமாறிய உணவு அவர் நினைவில் எழுகிறது. கையிலிருந்த எழுதுகோல் நழுவி விழுகிறது.

தமிழர் நன்கறிந்த நளன் கதையிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. உருமாறிய நளன் வாகுகன் என்னும் பெயருடன் மடைத்தொழில் புரிகிறான். அவன் சமைத்த உணவின் சுவையே தமயந்திக்குச் சான்றாகிறது. உருவம் மறைத்ததைச் சுவை வெளிப்படுத்துகிறது.

சந்தை உணர்த்தும் உண்மை

பெங்களூரு சிவாஜிநகரில் 1927-இல் கட்டப்பட்ட ரசல் மார்க்கெட்டில் கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு ஆகியன அருகருகே குவிந்திருக்கும். ரட்டட்டூயிக்கு வேண்டிய பொருள்களுள் பெரும்பாலானவை இவையே. கத்தரிக்காய் ஆசியாவிலிருந்து அரேபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தன. தமிழும் உருதும் கன்னடமும் பேசுவோர் ஒரே கடையில் வாங்கும் அதே கத்தரிக்காய், ஒரு வீட்டில் கொத்சு ஆகிறது; மற்றொரு வீட்டில் பிரியாணிக்குத் தொடுகறி ஆகிறது; பிரான்சின் நீஸ் நகரில் ரட்டட்டூயி ஆகிறது. அவ்வாறிருக்க, அயல்நாட்டு உணவு உயர்ந்தது, வீட்டுக் களியும் கீரையும் தாழ்ந்தவை என்று எண்ணுவது அறியாமையாகும். அவ்வெண்ணமே பள்ளியில் ஒரு மாணவனைத் தன் உணவுப் பெட்டியை மறைத்து உண்ணச் செய்கிறது.

மறுப்பும் விடையும்

எலி சமைத்த உணவைப் போற்றுவது தூய்மைக்கு மாறானது என்று சிலர் கூறலாம். படம் அதனை மறைக்கவில்லை. முன்கால்கள் அழுக்காகாதிருக்க ரெமி பின்கால்களால் நடக்கிறது. உண்மை வெளிப்பட்டதும் உணவகம் மூடப்படுகிறது. பாராட்டி எழுதிய ஈகோ தம் பணியையும் மதிப்பையும் இழக்கிறார். சமைத்தது எலி என்று அறிந்த பின்னரும் அவர் அதன் திறமையைப் புகழ்ந்தே எழுதினார் என்பதே கருதத்தக்கது. உண்மையைப் பாராட்டுவதற்கும் துணிவு வேண்டும்.

படத்தில் குறை ஒன்று உண்டு. ஈகோவின் உள்ளத்தை உருக்கிய சுவைக்கு மூலமானவர் அவருடைய தாய். அவரோ சில நொடிகளே தோன்றுகிறார். ஒரு சொல்லும் பேசுவதில்லை. ‘நளபாகம்’ என்று அரசன் ஒருவனின் சமையலைப் புகழும் உலகம், நாள்தோறும் அடுப்பின்முன் நிற்போரின் பெயரைச் சொல்வதில்லை. படத்தில் விடுபட்ட பாராட்டு வீடுகளிலும் விடுபட்டே இருக்கிறது.

முடிவுரை

யார் வேண்டுமானாலும் சமைக்கலாம் என்பது இப்படத்தின் மையக் கருத்து. அது திறமைக்குப் பிறப்புத் தடையில்லை என்று கூறுவதோடு நிற்பதில்லை. சமையல் ஒருவருக்கு மட்டுமே உரிய கடமையன்று என்றும் உணர்த்துகிறது. மகனும் மகளும் ஒருங்கே சமைக்கக் கற்பதும், உண்டபின் சமைத்தவரிடம் ஒரு நல்ல சொல் கூறுவதும் எளிய செயல்களே. அவற்றைச் செய்யும் வீட்டில் எந்த உணவும் தாழ்ந்ததாகத் தோன்றாது.