விபத்துப் பதிவேட்டின் முதல் வரி

மதுரை வில்லாபுரத்தில், எங்கள் தெருவில், ஜாக்கெட் தைத்துப் பிழைக்கும் ஓர் அக்கா இருக்கிறார். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு பகல் பதினொரு மணிக்கு, யாரோ வாங்கிய பிரிட்ஜை இறக்க வந்த குட்டி யானை வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுத்தபோது, பின்னால் நின்ற அவருடைய ஸ்கூட்டரை இடித்துச் சாய்த்தது. வலது கை ஹேண்டில்பாருக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். “தெரியாம நடந்துபோச்சுக்கா, கேஸு கீஸுன்னு போயிறாதீங்கக்கா” என்று அழாத குறையாக நின்றான். “சின்னப் பய, பொழப்பு போயிரும், பேசி முடிச்சுக்கங்கப்பா” என்றார்கள் கூடியவர்கள். நானும் அங்கே நின்றேன், எதுவும் சொல்லவில்லை. போனில் பேசிய வண்டி ஓனர் ஐயாயிரம் ரூபாய் அனுப்பிவைத்தார்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். கூட வந்த லோடுமேன் முந்திக்கொண்டு, “ஸ்கூட்டர் ஸ்லிப் ஆயிருச்சு சார்” என்றார். அக்காவுக்கு உயிர்போகிற வலி, பையன் மேல் இரக்கமும்கூட. மறுத்துப் பேசவில்லை. விபத்துப் பதிவேட்டில் ‘தானாக விழுந்தது’ என்று ஏறியது. பதினோராம் நாள், பிளேட் வைக்க வேண்டும், அப்படியும் கட்டைவிரல் பழையபடி மடங்காது என்று எலும்பு டாக்டர் சொன்னார். அன்றைக்கு மாலையிலிருந்து ஓனர் போனை எடுக்கவில்லை.

கத்தரிக்கோல் பிடிக்கிற கட்டைவிரல் அது.

தெருவில் நின்ற யாரும் கெட்டவர்கள் இல்லை. இரக்கப்பட்டார்கள். ஆனால் நஷ்ட ஈட்டைப் பையன் தன் சம்பளத்திலிருந்து கட்டப்போவதில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. வண்டிக்காரர்கள் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவது இப்படி ஒரு நாளுக்காகத்தான். புகார் கொடுத்தால் ஓட்டுநர் மேல் குற்ற வழக்கு வரும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் சிகிச்சைச் செலவும் போன வருமானமும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய பணம். தெருவிலேயே பேசி முடித்தால், கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல் போகிறார், அடிபட்டவர் கடன் வாங்குகிறார். எங்கள் இரக்கம் அன்று போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. இந்தியாவிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் செய்தி மறுநாள் பேப்பரில் வந்துவிடுகிறது. கை முடங்கி, கால் முடங்கி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர்களின் செய்தி வருவதில்லை. அவர்களுடைய கதையை ஆஸ்பத்திரிச் சீட்டும் காவல் நிலையத் தாளும்தான் சொல்லியாக வேண்டும். அந்தத் தாள்களில் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் கையில் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

முதல் தாள், சம்பவ இடத்தில் நிற்பவர்களுடையது. 108-ஐ அழைக்க யாரும் பயப்பட வேண்டியதில்லை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சியாக வரும்படியோ வற்புறுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. போலீஸ் நடைமுறை முடிந்தால்தான் தொடுவோம் என்று எந்த ஆஸ்பத்திரியும் அவசர சிகிச்சையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டம், ஏழு நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. இரண்டும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குத்தான் என்பதால், எங்கே கொண்டுபோவது என்று ஆம்புலன்ஸ் ஊழியரிடமே கேட்டுவிடுவது நல்லது.

பிறகு செல்போன். நம்பர் பிளேட்டை மட்டும் எடுத்தால் போதாது. சரக்கு வண்டியின் பக்கவாட்டில் ஓனர் பெயரும் முகவரியும் எழுதியிருந்தால் அதையும், இறக்க வந்த பெட்டியில் ஒட்டியிருக்கும் டெலிவரிச் சீட்டையும், வண்டி நின்ற கோணத்தையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். டெலிவரிச் சீட்டு ஏன் என்றால், இந்தத் தொழிலில் பொருள் ஒருவருடையது, ஆர்டர் எடுத்தவர் ஒருவர், வண்டி இன்னொருவருடையது, ஓட்டுகிறவர் தினக்கூலிக்கு வந்த நாலாமவர். விபத்து என்றதும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். சட்டம் இதில் ஓரளவு தெளிவாக இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு. பெயர் மாற்றாமல் இருந்துவிட்டு, வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பானது. ‘ஓட்டுநரிடம் இலகு ரக லைசென்ஸ்தான் இருந்தது, சரக்கு வண்டிக்குத் தனி அனுமதி இல்லை’ என்று காப்பீட்டு நிறுவனங்கள் பல வருஷம் கைவிரித்து வந்தன. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அந்த லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. நம் தெருக்களுக்குள் வரும் டெலிவரி வண்டிகள் பெரும்பாலும் இந்த எடைக்குள்தான்.

கைகாட்டுவதைச் சட்டம் கோர்ட்டில் நிறுத்தும். தெருவில் நிறுத்த வேண்டியது வியாபாரிகளும் நாமும். ரிவர்ஸ் எடுக்கும்போது லோடுமேன் இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும்; ஆள் செலவை மிச்சம் பிடித்து ஓட்டுநரைத் தனியாக அனுப்பக் கூடாது. அன்று காலை அந்தப் பையன் அவசரத்தில் இருந்ததற்கு, மதியத்துக்குள் இன்னும் ஆறு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது காரணம் என்று பிறகு சொன்னான். “எங்கப்பா வர்ற, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று ஓட்டிக்கொண்டிருக்கிறவனை நாலு தடவை போனில் கூப்பிடுகிறவர்கள் நாம். அந்த ஒரு போனைத் தவிர்ப்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம்.

இரண்டாவது தாள் டாக்டருடையது. எப்படி அடிபட்டது என்ற கேள்விக்கு, அடிபட்டவரோ அவர் வீட்டாரோதான் பதில் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் தரப்பு சொல்லக் கூடாது. ‘ரிவர்ஸ் வந்த சரக்கு வண்டி இடித்தது’ என்று வண்டி எண்ணோடு சொல்லிவிட வேண்டும். டூட்டி டாக்டர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அவசரப் பிரிவில் எவ்வளவு நெருக்கடி என்று தெரியும். ஆனாலும் அடிபட்டவருக்கு நினைவிருந்தால் அவர் வாயாலேயே ஒரு வரி கேட்டு எழுதுங்கள். அந்த வரி ஏழெட்டு வருஷம் கழித்தும் ஒரு வக்கீல் கையில் உரக்க வாசிக்கப்படும்.

மூன்றாவது தாள் காவல் நிலையத்துடையது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் விபத்து அறிக்கையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கையை 90 நாளுக்குள் தர வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யும் நிலையங்களும் உண்டு. ‘ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க’ என்று அனுப்பிவிடும் நிலையங்களும் உண்டு. அப்படி அனுப்பப்பட்டால் புகாரைப் பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கோ ஆணையருக்கோ அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். நாள் கடந்துபோனதே என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். அடிபட்டவரின் குடும்பம் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடும், புகார் தாமதமானதாலேயே கோரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது என்று 2011-இல் ரவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அக்காவின் மகன் பன்னிரண்டாம் நாள் கொடுத்த புகாரில் எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது அந்தத் தீர்ப்பைக் காட்டிய பிறகுதான்.

தீர்ப்பாய மனுவை விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது இப்போதைய விதி. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உள்ளன. முடிவு எப்படி வந்தாலும் ஆறு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் மரணத்துக்கு 2 லட்சமும் தரும் திட்டத்துக்கு வட்டாட்சியர் அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். அடிபட்டவர் டெலிவரி ஓட்டுநராகவோ லோடுமேனாகவோ இருந்தால், இந்தத் தீர்ப்பாயம் அல்லது தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எது அதிகம் தரும் என்று கணக்குப் பார்த்துவிட்டு மனுப் போட வேண்டும்.

தீர்ப்பாயம் போடும் கணக்கை, ஒரு தையல்காரரை உதாரணமாக வைத்து, ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். வயது 34, மாத வருமானம் 15,000 ரூபாய். சுயதொழில் செய்பவர், நாற்பதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000. வருஷத்துக்கு 2,52,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16, ஆக 40,32,000. மருத்துவக் குழு ஊனம் 20 சதவீதம் என்று சான்று தந்தால் வருமான இழப்பு 8,06,400 ரூபாய். ஆனால் உடம்பின் ஊனம் வேறு, தொழிலின் ஊனம் வேறு என்று 2010-இல் ராஜ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. கையிழந்த தச்சருக்கும் அதே கையிழந்த குமாஸ்தாவுக்கும் இழப்பு ஒன்றல்ல. தையல்காரருக்கு வலது கட்டைவிரல் மடங்காதது தொழிலில் 40 சதவீத இழப்பு என்று நிரூபித்தால் தொகை 16,12,800 ஆகிறது. நிரூபிக்க என்ன வேண்டும்? வாடிக்கையாளர்கள் இருவரின் சாட்சியம், துணிக்கு அளவெடுத்த பழைய நோட்டு, பணம் வந்த பேங்க் பாஸ்புக், இனி என்ன செய்ய முடியாது என்று டாக்டர் வாயால் ஒரு விளக்கம். அக்கா அந்த அளவு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட இருந்தார். மகன் தடுத்தான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே புரோக்கர்கள் வருவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள், கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்பார்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு பேசி ஒரு வக்கீல் வழக்கு எடுப்பதை இந்திய பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீலைத் தருகிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக் குழுக்கள் சட்டம். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகம் இருக்கிறது. லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் சீக்கிரம் முடியும். ஆனால் அதன் முடிவின் மேல் அப்பீல் கிடையாது. மேலே சொன்ன கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அந்த மேஜைக்குப் போகக் கூடாது.

இதில் ஓட்டுநர் சங்கத்துக்கோ வியாபாரிகள் சங்கத்துக்கோ எதிராக ஒன்றுமில்லை. காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று வண்டியை வாடகைக்கு எடுக்கும் கடைக்காரர் பார்த்துவிட்டால், நாளைக்கு ஓனரின் வீடு ஜப்திக்கு வராது. இந்தத் தாள்களைப் பற்றிக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினால், அடுத்த முறை ‘பேசி முடிச்சுக்கங்க’ என்ற குரலோடு ‘புகார் கொடுத்துட்டுப் பேசுங்க’ என்ற குரலும் எழும். ஓட்டுநர் சங்கங்களும் தங்கள் ஆட்களிடம் இதையே சொல்ல வேண்டும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. செய்தவருக்கு அது கோர்ட்டில் நல்ல பெயர்.

அக்காவின் வழக்கு இன்னும் நடக்கிறது. ‘தானாக விழுந்தது’ என்ற வரியைக் காட்டித்தான் எதிர்த் தரப்பு குறுக்கு விசாரணை செய்தது. எதிரே இருக்கும் மளிகைக் கடைக்காரர், கடையை அடைத்துவிட்டு மூன்று வாய்தாவுக்கு வந்து, கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அவர் கடை வாசலில் கேமரா இருந்தது. ஆனால் மகன் போய்க் கேட்ட பன்னிரண்டாம் நாள், அந்தப் பதிவின் மேல் புதுப் பதிவு ஏறியிருந்தது. இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பென் டிரைவ் தொங்குகிறது. தெருவில் வண்டி மோதும் சத்தம் கேட்டால், முதலில் 108, அடுத்து அன்றைக்கே பதிவை அதில் இறக்கி, தேதி எழுதி வைத்துவிடுகிறார்.