சிட்னியில் குடித்தனமா? பேட்டையைப் பார்த்துப் பிடியுங்கள்!

ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்து, விசாவும் வந்து, பெட்டி கட்ட ஆரம்பித்தாயிற்று என்று எழுதும் வாசகிகள் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை ஜோடி கம்பளிச் சட்டை வேண்டும்?’ என்பதுதான். கம்பளிச் சட்டையை அங்கேயே வாங்கிக் கொள்ளலாம், சகோதரிகளே. முதலில் கேட்க வேண்டியது, ‘எந்தப் பேட்டையில் குடியிருக்கப் போகிறோம்?’ என்பதைத்தான்.

சிட்னி நம் சென்னையைப் போலப் பரந்து கிடக்கும் ஊர். ‘சபர்ப்’ என்று அவர்கள் சொல்லும் பேட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் உங்கள் ‘அவர்’தான் முன்னதாகப் போய் வீடு பார்ப்பார். ஆபீசுக்கு எத்தனை நிமிஷம் என்பதுதான் அவர் கணக்கு. அவர் ஆபீசில் இருக்கும் எட்டு மணி நேரமும் கைக்குழந்தையோடு அந்தப் பேட்டையில் இருக்கப் போவது நீங்கள். ஆகவே விமானம் ஏறும் முன்பே உங்கள் கணக்கையும் அவரிடம் சொல்லி விடுங்கள்.

முதலில் ஸ்கூல், பிறகு வீடு

சிட்னி இருக்கும் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் குழந்தைக்கு அங்கே இடம் நிச்சயம். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றுகூட இருக்கும். மாநிலக் கல்வித் துறையின் இணையப் பக்கத்தில் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால் எந்தப் பள்ளி என்று காட்டி விடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி ஆரம்பத்திலோ தொடங்கும். அந்த ஆண்டு ஜூலை 31க்குள் 5 வயது நிறையும் குழந்தையை ‘கிண்டர்கார்டன்’ வகுப்பில் சேர்க்கலாம்.

கிரவீன் என்ற பேட்டையின் உயர்நிலைப் பள்ளி நம்மவர்களிடையே பெயர் பெற்றது. ஆனால் அது தேர்வு எழுதித் தேறிய பிள்ளைகளுக்கான பள்ளி. பக்கத்துத் தெருவில் குடியிருந்தால் இடம் கிடைத்துவிடாது. அதை நம்பிக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள்.

தாற்காலிக விசாவில் போகிறவர்கள் சிலர் அரசுப் பள்ளியிலும் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் விசாவுக்கு உண்டா என்று முன்பே விசாரித்து, வரவு செலவில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

தள்ளுவண்டி தூரம்

‘ஸ்டேஷனுக்குப் பக்கம்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். காரில் பக்கமா, குழந்தையின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் பக்கமா? முதல் சில மாதங்கள் வீட்டில் ஒரே கார்தான் இருக்கும், அதையும் அவர் எடுத்துப் போய் விடுவார். கடை, டாக்டர், பார்க், நூலகம், ஸ்டேஷன் ஐந்தும் 15 நிமிஷ நடையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஐந்தும் இல்லாத அழகான வீடு, ஜன்னல் வைத்த சிறைதான்.

மேற்குப் பக்கத்தில் பரமட்டா பெரிய ஸ்டேஷன். அங்கிருந்து விரைவு ரயிலில் நகர மையத்துக்கு சுமார் அரை மணி. வெஸ்ட்மீடில் பெரிய ஆஸ்பத்திரியும் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அடுத்தடுத்து இருக்கின்றன. வடமேற்கில் காசில் ஹில், கெல்லிவில் பக்கம் 2019இல் மெட்ரோ ரயில் வந்தது. 2024இல் அது நகர மையத்தைத் தாண்டியும் நீண்டிருக்கிறது. ‘அது எங்கேயோ கோடி’ என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு அந்தப் பக்கத்தை ஒதுக்க வேண்டாம்.

வெயில், குளிர், வெள்ளம்

மேற்கே போகப் போக வாடகை குறையும், வெயில் கூடும். கடற்காற்று அவ்வளவு தூரம் வந்து சேராது. 2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித் என்ற மேற்குப் பேட்டையில் 48.9 டிகிரி அடித்தது! வேலூர்க்காரிகளே விழி பிதுங்கும் வெயில். அங்கே வீடு என்றால் ஏ.சி. உண்டா என்று கேட்க மறக்காதீர்கள்.

இன்னொன்று. அங்கே சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் ஜூன், ஜூலைக் குளிரில் வீட்டுக்குள் இதமான வெயில் வரும், துணியும் காயும். தெற்கு மட்டும் பார்த்த ஃபிளாட்டில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ள குழந்தைக்கு அது ஆகாது. வீடு பார்க்கும்போது குளியலறைக் கூரையையும் அலமாரியின் உள்மூலையையும் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலும் மூக்கு காட்டிக் கொடுத்து விடும்.

வின்ட்சர் பக்கம் ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் 2021இலும் 2022இலும் வெள்ளம் புகுந்தது. வாடகை சல்லிசாக இருந்தால், ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

நம்மவர்கள் நடுவிலா, தனியாகவா?

வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் கலந்து வாழ்கிறார்கள். கறிவேப்பிலை, இட்லி அரிசி, முருங்கைக்காய் கிடைக்கும். மேஸ் ஹில்லில் முருகன் கோவில் இருக்கிறது. ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோவில் ஊருக்குத் தெற்கே வெகு தூரத்தில். அதற்குக் கார் இல்லாமல் முடியாது.

‘வெளிநாடு போயும் நம் ஆட்கள் மத்தியிலேயா?’ என்று சிலர் கேட்பார்கள். தனியாகப் போகும் இளம் தாய்க்கு, அதுவும் பிரசவத்தை எதிர்பார்ப்பவளுக்கு, முதல் வருஷம் ஒரு ‘அக்கா’ பக்கத்து வீட்டில் இருப்பது மருந்தைவிடப் பெரிது. குழந்தைக்கு ஜுரம் 103க்கு ஏறும் ராத்திரியில் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டாமா? ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தால் இங்கிலீஷும் வராது, ஊரும் பழகாது, வம்பு மட்டும் வளரும். நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் உண்டு, இலவசம். வாரம் ஒரு முறையாவது போய் உட்காருங்கள். மற்ற நாட்டுத் தாய்மார்களும் உங்களைப் போலவே சினேகிதம் தேடித்தான் வந்திருப்பார்கள்.

வாடகைக் கணக்கு

அங்கே வாடகை வாரக் கணக்கு. வாரம் 700 டாலர் என்றால் மாதம் 2,800 என்று போடாதீர்கள். வருஷத்துக்கு 52 வாரம். 36,400ஐ 12ஆல் வகுத்தால் மாதம் 3,033 டாலர். அந்த 233 டாலர்தான் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும்.

முன்பணமாக 4 வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். அந்தப் பணம் வீட்டுக்காரரிடம் தங்காது, அரசாங்கத்திடம் போய்விடும். வீட்டின் நிலை பற்றிய படிவத்தை 7 நாளுக்குள் நிரப்பித் திருப்ப வேண்டும். சுவரில் கீறல், கார்ப்பெட்டில் கறை எல்லாவற்றையும் எழுதிப் போட்டோவும் எடுத்து வையுங்கள். காலி செய்யும் நாளில் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

முதல் ஒப்பந்தம் 6 மாதம் போதும். நடுவில் காலி செய்தால், கடந்த காலத்தைப் பொறுத்து 4 வார வாடகை வரை அபராதம் உண்டு.

கைப்பையில் போக வேண்டியவை

குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். தடுப்பூசிக் கணக்கு சரியாக இல்லாவிட்டால் குழந்தைக் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். போனதும் டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்து, விட்டுப் போனதைப் போட்டுக் கொள்ளலாம். இந்தியாவிலிருந்து தாற்காலிக வேலை விசாவில் போகிறவர்களுக்கு ‘மெடிகேர்’ என்ற அரசு மருத்துவ உதவி கிடையாது. மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். பிரசவச் செலவு அதில் அடங்குமா, எத்தனை மாதம் கழித்து அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். அவசரத்துக்கு 000 என்ற எண்ணைக் குழந்தைகளுக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள்.

எல்லாப் பொருத்தமும் உள்ள பேட்டை எங்கும் கிடையாது. பத்துப் பொருத்தமும் பார்த்தா நாம் கல்யாணம் செய்துகொண்டோம்? பள்ளி, நடை தூரம், காற்று வெளிச்சம், ஓர் அக்கா - இந்த நாலில் எதை விட முடியாது என்று இன்று இரவே சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பேசி முடித்த பிறகு அவர் வீடு பார்க்கட்டும்!