மர்ஹூமின் பெயரில் ஒரு கட்டுரைப் போட்டி

மௌத்தானவர்களின் ஞாபகார்த்தமாகக் கட்டுரைப் போட்டி வைப்பது நம்மூர்களில் வழக்கமாகிவிட்டது. நல்ல விசயம்தான். ஆனால் தலைப்புகளைப் பாருங்கள்: ‘ஒற்றுமையே பலம்’, ‘கல்வியின் சிறப்பு’, ‘மர்ஹூம் அவர்களின் சமூகப் பணி’. முதல் வரி எழுதுமுன்பே பிள்ளைக்குக் கடைசி வரி தெரியும். பாதி, சேர்மார் எழுதிக் கொடுத்தது. மீதி பாடமாக்கியது. அதற்குக் கேடயம், பொன்னாடை, பிரதம அதிதி உரை. உரைதான் கட்டுரையைவிட நீளம்.

அயர்லாந்தில் 2018 முதல் ஹியூபர்ட் பட்லர் பெயரில் கட்டுரைக்கென்றே ஒரு பரிசு கொடுக்கிறார்கள். யார் இவர்? கில்கென்னிக்காரர், சிறுபான்மைப் புரட்டஸ்தாந்துக் குடும்பம். உலகப் போர்க் காலத்தில் குரோசியாவில் ஓர்தொடொக்ஸ் சேர்பியர்களைப் பலவந்தமாகக் கத்தோலிக்கர்களாக மாற்றியதைப் பற்றி 1952இல் டப்ளின் கூட்டமொன்றில் எழுந்து பேசினார். சபையிலிருந்த பாப்பரசரின் பிரதிநிதி எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான், ஊரே திரும்பிவிட்டது. பட்லர் தானே உயிர் கொடுத்து எழுப்பிய தொல்லியல் சங்கத்திலிருந்தே விலக வேண்டி வந்தது. முதல் கட்டுரைத் தொகுதி 1985இல்தான் வந்தது, கிழவராகிய பிறகு. 1991இல் இறந்தார். நகர மேயர் மன்னிப்புக் கேட்டது 2000இல்.

“அடுத்தவன் மதத்தைப் பேசுவது லேசுதானே” என்று கொமெண்டில் யாராவது வருவீர்கள். தன் சொந்த ஆங்கிலோ-ஐரிஷ் கூட்டம் வாய்மூடி ஒதுங்கியதையும் அந்த மனிதர் விடவில்லை.

அந்தப் பரிசின் 2020ஆம் ஆண்டுத் தலைப்பு: சமூக ஒருமைப்பாடும் தனிமனித சுதந்திரமும் பகையா, நட்பா? எந்த சேரும் இதற்கு விடை எழுதிக் கொடுக்க முடியாது.

நம் பிள்ளைகளுக்குச் சிந்தனை இல்லையா? மாப்பிள்ளைக்கு வீடும் வளவும் கேட்பதைப் பற்றி, கெட்டிக்காரப் பிள்ளையை ஓ.எல்.லோடு நிறுத்துவதைப் பற்றி, இடைவேளையில் காதுகொடுத்துக் கேளுங்கள். சட்டத்தரணிகள் தோற்றுப் போவார்கள். போட்டித் தாளில் மட்டும் அதில் ஒரு சொல்லும் வராது. வந்தால் பரிசு கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதை நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

இந்த வருடமும் போட்டிக்குக் காசு சேர்க்கிறார்கள். குழுவிலுள்ள சகோதரர்களே, ஒரு தலைப்புத் தருகிறேன்: ‘நம்மூரில் யாரைப் பேசவிடாமல் உட்கார வைத்தோம், ஏன்?’ பரிசுத் தொகையைப் பாதியாக்கினாலும் பரவாயில்லை. மர்ஹூமின் படத்தையும் மேடையில் வையுங்கள். நடுவர்களை மட்டும் வெளியூரிலிருந்து கூப்பிடுங்கள்.