பாவைக்குள் ஒரு திறவுகோல்

தன் கையிலுள்ள பாவை உயிர்பெற்று உலாவ வேண்டும் என்று விரும்பாத பிள்ளை எந்நாட்டிலும் இல்லை. அவ்விருப்பத்தையே வாணிபமாக்கிய வரலாறொன்றை இவ்வாரம் நோக்குவோம்.

2011ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் அக்டிவிஷன் நிறுவனம் 'ஸ்கைலாண்டர்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. விளையாட்டு அடங்கிய இறுவட்டுடன் சிறு பீடமொன்றும் மூன்று பிளாஸ்டிக் பாவைகளும் பெட்டியில் இருந்தன. பாவையைப் பீடத்தில் வைத்ததும், அதே உருவம் தொலைக்காட்சித் திரையில் எழுந்து போருக்குப் புறப்பட்டது!

இது மாயமன்று. பாவையின் அடியில் மின்கலம் இல்லாத நுண்ணிய சில்லு ஒன்று உண்டு. பீடம் பரப்பும் வானொலி அலையே அதற்குச் சக்தியளிக்கிறது. உடனே சில்லு, தான் இன்ன பாவை என்பதை அறிவிக்கிறது. அம்மட்டோ? விளையாட்டில் அப்பாத்திரம் பெற்ற வலிமையும், திரட்டிய பொன்னும், பிள்ளை அதற்கிட்ட பெயரும் அச்சில்லிலேயே பதியும். பாவையைத் தோழன் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், அங்குள்ள இயந்திரம் வேறொரு கம்பனியினதாயினும், அது பழைய வலிமையோடு எழுந்து நிற்கும்.

இனி இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டுமன்றோ? பாத்திரத்தின் உருவமும் குரலும் அசைவும் சில்லில் இல்லை. அவை முன்னரே இறுவட்டில் அடங்கியிருந்தவை. பின்னர் தனித்தனியே பணங்கொடுத்து வாங்கிய பாவைகள், ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்ட பொருளுக்குரிய திறவுகோல்களேயாம். பாத்திரங்கள் நெருப்பு, நீர், காற்று, மண் முதலிய எட்டு வகையின. பெட்டியிலிருந்த மூன்று பாவைகளைக் கொண்டே கதையை முடித்துவிடலாம். ஆயினும் வழியிலுள்ள சில கதவுகள் உரிய வகைப் பாவைக்கே திறக்கும். பூட்டிய கதவைக் கண்ட பிள்ளை சும்மா இருக்குமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

இலாபத்தைக் கண்டு ஏனையோரும் களமிறங்கினர். 2013இல் டிஸ்னியின் 'இன்ஃபினிட்டி'யும், 2014இல் நிண்டெண்டோவின் 'அமீபோ'வும், 2015இல் 'லெகோ டைமென்ஷன்ஸ்' என்பதும் சந்தைக்கு வந்தன. ஆனால் ஆரவாரம் நீடிக்கவில்லை. 2016 மே மாதத்தில் டிஸ்னி தன் முயற்சியைக் கைவிட்டது. ஸ்கைலாண்டர்ஸ் பாவைகளுக்கான இறுதி விளையாட்டும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 2017இல் லெகோவும் ஓய்ந்தது. அமீபோ மாத்திரம் நிலைத்தது. அதன் பாவை ஒரே விளையாட்டுக்கென அமைந்ததன்று. பல விளையாட்டுகளுக்கும் உதவுவது. பெரும்பாலும் அது மேலதிகமாக ஒரு பரிசை ஈவதேயன்றிக் கதையின் வாயிலைப் பூட்டி வைப்பதில்லை.

அப்படியாயின் அப்பாவைகள் வீண்செலவுதாமா? முற்றிலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. இன்று பல விளையாட்டுகள் பாத்திரங்களையும் அவற்றின் ஆடையணிகளையும் இணையத்தின் வழியே விற்கின்றன. நிறுவனம் தன் சேவையை நிறுத்திவிட்டால், கொடுத்த பணத்துக்கு அடையாளமாக ஒரு துரும்பும் எஞ்சாமற் போகலாம். பாவையோ அலுமாரியில் இருக்கும். பழைய இயந்திரமும் பீடமும் பழுதின்றி இருப்பின் மீண்டும் திரையில் எழும். அன்றேல் தங்கையின் கையில் வெறும் பொம்மையாகவேனும் வாழும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை இத்தகைய பொருளைக் கேட்கும்போது உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே இசையவும் வேண்டாம். கடைக்குச் செல்லுமுன் இருவரும் சேர்ந்து மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனை மட்டும் வாங்கினால் விளையாட்டு முழுமை பெறுமா? பெறாதெனில், பூட்டியவற்றைத் திறக்க இன்னும் எவ்வளவு செலவாகும்? விற்றவர் கைவிட்ட பின் நம்மிடம் எஞ்சுவது யாது? இக்கணக்கைப் பிள்ளையே எழுதிப் பார்க்கட்டும். பொம்மையின் விலையை அறிவது எளிது. அது திறக்கும் கதவுகளின் விலையை அறியப் பழகுவதே பயனுள்ள கல்வி.