ஒரு தட்டுக்கு ஓர் ஊர்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் சாலையில் காடாம்புலியூரைத் தாண்டும்போது, முந்திரித் தோப்புகளுக்கு அப்பாலிருந்து ஆடிமாதக் காற்றில் ஒரு பாட்டு வந்து சேரும். எந்தக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்பது தெரியாது. எந்தப் படத்துப் பாட்டு என்பது மட்டும் பல்லவி தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். இந்த மண்ணுக்குப் பாட்டு தூரத்திலிருந்துதான் வந்திருக்கிறது, ஊரே சேர்ந்து கேட்கும்படிதான் வந்திருக்கிறது. எந்தப் பாட்டின் இசைத்தட்டு எத்தனை விற்றது என்று யாராவது கேட்டால் எடுத்துக்காட்டப் பொதுக் கணக்கு ஒன்றும் நம்மிடம் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கணக்கைப் பிரிட்டன் வைத்திருந்தது. 1952 நவம்பர் 14 அன்று 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற லண்டன் வார இதழ், அந்த வாரம் அதிகம் விற்ற பாட்டுகளை வரிசைப்படுத்தி அச்சிட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் ஏறத்தாழ இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசித் திரட்டிய பட்டியல் அது. அந்த வழக்கம் வேரூன்றியதால்தான், அறுபதுகளில் அங்கே மிக அதிகம் விற்ற ஒற்றைப் பாட்டுத் தட்டு 1963இல் வந்த பீட்டில்ஸின் 'ஷீ லவ்ஸ் யூ' என்றும், 1977இல் அதே குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியின் 'மல் ஆஃப் கின்டயர்' அதை மிஞ்சி இருபது லட்சத்தைத் தாண்டியது என்றும் இன்று சொல்ல முடிகிறது. லண்டன் பட்டியல் வந்த மூன்றே வாரத்தில், டிசம்பர் 3 அன்று, ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. இந்திப் பாட்டுகளின் தரவரிசையாக அது பின்னர் வளர்ந்தது. அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குக் கதவைச் சாத்திய காலம். சாத்திய கதவைச் சுற்றிக்கொண்டு பாட்டு கடல் தாண்டிப் போய், கடல் தாண்டியே திரும்பி வந்தது. கடலூர்க் கரையோர வீடுகளில் கொழும்புத் தமிழ் ஒலிபரப்பு பக்கத்து வீட்டுப் பேச்சுபோலக் கேட்டது.

பீட்டில்ஸின் தட்டை வெளியிட்ட இ.எம்.ஐ. குழுமத்தின் கிளைதான் கல்கத்தா டம்டம் ஆலையில் நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளையும் அச்சிட்டது. ஆனால் லிவர்பூலில் ஒரு தட்டு ஒரு வீட்டுக்குப் போயிற்று. இங்கே ஒரு தட்டு ஓர் ஊருக்கு வந்தது. வாங்கியவர் மைக் செட்காரர். அவருடைய தகரப் பெட்டியில் செய்தித்தாள் மடிப்புகளுக்கு நடுவே, அப்பளம்போல் நொறுங்கக்கூடிய கறுப்புத் தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம். பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும். கீறல் விழுந்த இடம் வந்தால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், உதவிக்கு வந்த பையன் விரல்நுனியால் முள்ளைத் தள்ளிவிடுவான். அந்தத் தாவலோடு சேர்த்தே பாட்டைப் பாடம் செய்தவர்கள் இருந்தார்கள். விடுபட்ட சொல் அவர்களுக்கு நெடுநாள் தெரியாது. பக்கத்து நெய்வேலியில் 1962இல் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. அதே ஆண்டு வந்த 'சாரதா' படத்தில், வீட்டுக்கு வரும் மணமகளை வரவேற்கும் பாட்டொன்று கே.வி. மகாதேவன் இசையில் அமைந்தது. அதை வாங்கிய கைகளை எண்ணி என்ன பயன்? ஒரு தட்டு தேயும்வரை அதன்கீழ் எத்தனை பெண்கள் புகுந்த வீட்டு வாசற்படி ஏறினார்கள் என்பதல்லவா கணக்கு!

எண்ணாமல் விட்டதைக் காக்காமலும் விட்டோம் என்பது இதன் மறுபக்கம், அது நமக்குப் புதிதுமல்ல. இதே பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில்தான் நாவுக்கரசர் சூலை நோய் தீர்ந்து முதற்பதிகம் பாடினார் என்கிறது மரபு. அவர் பாடியவற்றில் பெரும்பகுதி தில்லைக் கோயில் அறையொன்றில் கரையானுக்கு இரையாகி, எஞ்சிய ஏடுகளே இராசராசன் காலத்தில் மீண்டன என்பதும் மரபே. ஏட்டைத் தின்றது ஒரு பூச்சி. பழைய இசைத்தட்டின் அரக்கைத் தந்ததும் ஒரு பூச்சிதான். தில்லையைக் காண ஏங்கிய நந்தனாரைப் பற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடியது கதாகாலட்சேபத்தில் வாழ்ந்து, பிறகு திரைக்குப் போனது; 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் நந்தனாராகவே நடித்தார், 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். அந்தத் தேசிகரே பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைக்குத் தலைமை ஏற்றார். நந்தனார் ஏங்கிய ஊருக்குப் பாட்டு வந்து சேர்ந்த அந்த வழியை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அக்காலத் தட்டுகளில் எத்தனை பரணில் கிடந்து உடைந்தனவோ!

எண்பதுகளில் கேசட் வந்தது. கணக்கு இன்னும் மங்கியது. ரெக்கார்டிங் கடையில் ஒரு வெற்றுக் கேசட்டையும் கோடு போட்ட தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், நாலு நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம். இளையராஜா பாட்டுகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் பெருமளவு நுழைந்த வழி அது; எந்த நிறுவனத்தின் விற்பனை ஏட்டிலும் அது ஏறியிருக்காது. கசங்கிய அந்தத் தாள்கள்தான் நம்முடைய உண்மையான தரவரிசைப் பட்டியல்கள். பாட்டு எழுதிய வரிசையில் அவரவர் காதலும் சாவும் இருந்தன. பிறகு குறுந்தகடு வந்தது, போனது. இப்போது கைபேசித் திரையில் ஒவ்வொரு பாட்டின் கீழும் கோடிகளில் எண் ஓடுகிறது, கேட்பவர் காதில் கருவியைச் செருகிக்கொண்டு தனியே இருக்கிறார். பிரிட்டன் எழுபது ஆண்டுக்கு முன் தொடங்கிய எண்ணுதல் நமக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது, ஊராகச் சேர்ந்து கேட்டது கைநழுவும் வேளையில்.

முழுதும் நழுவிவிடவில்லை. சென்ற முகூர்த்த நாளில் காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மைக் செட் பெட்டிமேல் இசைத்தட்டு இல்லை, சுண்டுவிரல் அளவு பென் டிரைவ் ஒன்று சொருகியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் காரிலிருந்து இறங்கியதும், இருபது வயதுகூட ஆகாத பையன் அதுவரை ஓடிய புதுப்பாட்டை நிறுத்திவிட்டு, 'சாரதா' பாட்டைப் போட்டான். அது எந்தப் படம் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பொண்ணு உள்ளே வரும்போது இதைத்தான் போடணும் என்றான்.