மிஞ்சிய குளிசை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

ஊருக்குப் போய்த் திரும்பும்போது மிளகாய்த்தூளுடன் அன்ரிபயோட்டிக் குளிசைகளையும் கொண்டுவருவது எம்மவர் பலரின் வழக்கம். காய்ச்சலுக்கும் அதுதான், தடிமனுக்கும் அதுதான். பெண்ணுறுப்பில் கடியும் தயிர்போன்ற வெள்ளைபடுதலும் வந்தால், வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டு, அதற்கும் அதையே விழுங்குகிறோம். இதை நாம் நிறுத்தியே ஆகவேண்டும்.

இந்தத் தொல்லையைத் தருவது பெரும்பாலும் கன்டிடா என்னும் பூஞ்சை. அன்ரிபயோட்டிக் பக்டீரியாவைத்தான் கொல்லும்; பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதோடு, பூஞ்சையை அடக்கிவைக்கும் லக்டோபசிலஸ் என்ற நல்ல பக்டீரியாவையும் அழித்துவிடும். காவற்காரனை விரட்டினால் களவு கூடத்தானே செய்யும்?

இதற்கென்றே குளோட்ரிமசோல், புளூகொனசோல் ஆகிய மருந்துகள் உள்ளன. பிரித்தானியாவில் இவற்றை மருந்துக்கடையிலேயே கேட்டு வாங்கலாம். ஆனால் முதன்முறை வந்தவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் வைத்தியரிடம் போகவேண்டும். கர்ப்பிணிகள் தாமாகப் புளூகொனசோல் குளிசை எடுக்கக் கூடாது. அடிக்கடி வந்தால் இரத்தத்தில் சீனியையும் சோதிப்பது நல்லது. நீரிழிவு எம்மவரிடையே அதிகம்.

வெட்கப்பட்டு மறைத்தால் நோய் மாறாது. தாய்மாரே, உங்கள் பெண்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.